வியாசர்பாடி டிப்போ கரண்ட் பஸ், வெள்ளை போர்டு ஃப்ரீ டிக்கெட், பெரும்பாக்கம்: எம்டிசி பத்தி என் ரிவியூ

எம்டிசியோட, அதாவது சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகத்தோட, புது தாழ்தள எலக்ட்ரிக் பஸ்ஸுக்கு நான் குடுக்கற மார்க் 5க்கு 4. வண்டிக்கு மட்டும்னா முழு மார்க்கே குடுத்துடலாம். கொறைச்ச அந்த ஒரு மார்க் ஏன்னு சொல்லணும்னா பஸ்ஸ விட்டு எறங்கி ஸ்டாப்பு, பிளாட்பாரம், ஹவுசிங் போர்டு, அனல் மின் நிலையம்னு கொஞ்சம் சுத்தணும், அதனால நீளமா தான் போகும், பொறுமையா படிங்க.

எங்கேர்ந்து எழுதறேன்னு மொதல்ல சொல்லிடறேன். எங்க வீடு பெரம்பூர் தாண்டி வியாசர்பாடி பக்கம். இங்க பொறந்து வளந்தவங்களுக்கு தெரியும், காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குதுங்கறத வெச்சு தான் ஜன்னல தொறக்கறதா மூடறதான்னே முடிவு பண்ணுவோம். ஒரு பக்கம் கொடுங்கையூர் குப்பைமேடு, 1980கள்லேர்ந்து ஊர் குப்பைய கொட்டிக்கிட்டு இருக்காங்க, 300 ஏக்கருக்கு மேல. இன்னொரு பக்கம் மணலி, 1960கள் கடைசில ரிஃபைனரி வந்ததுக்கு அப்பறம் உரம், கெமிக்கல்னு வரிசையா ஃபேக்டரி. அதுக்கும் வடக்க எண்ணூர், அத்திப்பட்டு, நிலக்கரி எரிக்கற பவர் ஸ்டேஷனுங்க. இதுக்கெல்லாம் நடுவுல துறைமுகத்துக்கு போற கன்டெய்னர் லாரி ராத்திரி பகல்னு இல்லாம ஓடிக்கிட்டே இருக்கும். எங்க தெருல கார் இருக்கற வீட விரல் விட்டு எண்ணிடலாம். ஊருக்கு பெட்ரோல் இங்கேர்ந்து போகுது, கரண்ட் இங்கேர்ந்து போகுது, ஊரோட குப்ப மட்டும் இங்க வருது. இத நான் ஆத்திரத்துல சொல்லல, மேப்ப எடுத்து வெச்சுப் பாருங்க, அப்படியே தான் இருக்கு.

அதனால தான் 2025 ஜூன் 30 அன்னிக்கு எம்டிசியோட மொத எலக்ட்ரிக் பஸ்ஸுங்க, 120 வண்டி, வியாசர்பாடி டிப்போலேர்ந்து கெளம்புச்சுன்னு கேட்டப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம். இந்த ஊர்ல புதுசா எது வந்தாலும் எங்க பக்கம் கடைசில தான் வரும். மெட்ரோவ எடுத்துக்கோங்க, 2015 ஜூன்ல கோயம்பேடு ஆலந்தூர்னு ஓட ஆரம்பிச்சுது, வண்ணாரப்பேட்டைலேர்ந்து விம்கோ நகர் வரைக்கும் வர்றதுக்கு 2021 பிப்ரவரி ஆச்சு. ஆனா பொகை விடாத பஸ் மட்டும், இத்தன வருஷம் பொகைய முழுங்கின ஜனங்க இருக்கற எடத்துலேர்ந்து மொதல்ல கெளம்பியிருக்கு. எந்த காரணத்துக்காக அந்த டிப்போவ புடிச்சாங்களோ, நல்லது நல்லது தானே. சுற்றுச்சூழல் நீதின்னு பெருசா பேசறாங்கல்ல, என்னைப் பொறுத்தவரைக்கும் அதோட மொத கேள்வியே இது தான், அடி வாங்கினவன் கைக்கு மருந்து மொதல்ல போச்சா இல்லையா. இந்த ஒரு விஷயத்துல போயிருக்கு.

சரி, வண்டிக்கு வருவோம். 12 மீட்டர் நீளம், தாழ்தளம். தாழ்தளம்னா தரைலேர்ந்து உள்ள பலகை 40 சென்டிமீட்டர் தான். பழைய எம்டிசி வண்டில ஏறினவங்களுக்கு அந்த படிக்கட்டு ஞாபகம் இருக்கும், மொத படியே முட்டிக்கு வரும், அப்பறம் இன்னும் ரெண்டு படி, கம்பிய புடிச்சு எக்கி ஏறணும், புடவை கட்டிக்கிட்டு இடுப்புல கொழந்தைய வெச்சுக்கிட்டு ஒரு கைல பையோட ஏறறது எவ்ளோ கஷ்டம்னு ஏறினவங்களுக்கு தான் தெரியும். இந்த வண்டில படியே கெடையாது. பிளாட்பாரத்துலேர்ந்து ஒரு எட்டு வெச்சா உள்ள. ட்ரைவர் ஒரு பட்டன அமுக்கினா கதவு பக்கம் வண்டி உஸ்ஸுனு காத்த விட்டு இன்னும் கொஞ்சம் கீழ எறங்கி குடுக்குது. வீல்சேர்ல வர்றவங்களுக்கு மடக்கி வெச்ச ஒரு சாய்வுப் பலகை கதவு கிட்டயே இருக்கு, கண்டக்டர் கைல பிரிச்சு போட்டா சேர் உருண்டு உள்ள வந்துடும், உள்ள நிறுத்தி பெல்ட் போட தனி எடம் இருக்கு.

இது சும்மா கெடைச்சது இல்லங்க. மாற்றுத்திறனாளிங்க வருஷக்கணக்கா மெட்ராஸ் ஹைகோர்ட்ல நின்னு போராடி வாங்கினது. தரை உசரம் 90 சென்டிமீட்டர் போதும், 65 போதும்னு சொல்லிக்கிட்டு இருந்தப்போ இல்ல 40 தான் வேணும்னு அடம் புடிச்சு நின்னாங்க. அதுக்கு அப்பறம் தான் 2024 ஆகஸ்ட்ல மொதல்ல தாழ்தள டீசல் பஸ்ஸுங்க வந்துச்சு, அதுக்கு பின்னாடி இந்த எலக்ட்ரிக் வண்டிங்க. முட்டி வலிக்கற பாட்டி, மாசமா இருக்கற பொண்ணு, மார்க்கெட்லேர்ந்து மூட்டையோட வர்றவங்க, இவங்க எல்லாரும் இன்னிக்கு ஈசியா ஏறறாங்கன்னா அவங்களுக்கு தான் நன்றி சொல்லணும்.

ஓடறப்போ சத்தம் இல்ல. மூலக்கடை சிக்னல்ல நின்னா பழைய வண்டில காலுக்கு கீழ இன்ஜின் அதிரும், பொகை ஜன்னல் வழியா உள்ள வரும், ஃபோன்ல பேசறவங்க கத்திப் பேசுவாங்க. இதுல பக்கத்து சீட்ல பேசறது அப்படியே கேக்குது. கண்டக்டரும் தொண்ட கிழிய கத்த வேண்டியதில்ல. அடுத்த ஸ்டாப் பேரு மேல போர்டுல ஓடுது. கதவு மூடினா தான் வண்டி நகரும்ங்கறதால ஃபுட்போர்டு பசங்க பிரச்சனையே இல்ல. கேமரா இருக்கு, அவசர பட்டன் இருக்கு, ராத்திரி எட்டு ஒம்போது மணிக்கு வேல முடிஞ்சு வர்ற பொண்ணுங்களுக்கு அது ஒரு தைரியம். கொறைன்னு பாத்தா, சக்கரத்துக்கு மேல வர்ற சீட்டுங்க உசரமா இருக்கு, வயசானவங்க அதுல ஏறி உக்கார முடியாது. மொத்தத்துல சீட்டும் கம்மி, நிக்கற எடம் ஜாஸ்தி. அப்பறம் ப்ரேக் புடிச்சா சட்டுனு ஒரு இழுப்பு இருக்கு, கம்பிய புடிச்சுக்கோங்க.

ஓடற ரூட்ட பாருங்க. 164 இ பெரம்பூர்லேர்ந்து மணலி. 57 வள்ளலார் நகர்லேர்ந்து செங்குன்றம். 46 ஜி மகாகவி பாரதி நகர்லேர்ந்து கோயம்பேடு. 170 டிஎக்ஸ் அதே பாரதி நகர்லேர்ந்து கிளாம்பாக்கம் வரைக்கும். லாரி ஓடி ஓடி கருத்துப் போன ரோடுங்க இதெல்லாம். அந்த ரோட்டோரம் டீக்கடை போட்டிருக்கறவங்க, பூ விக்கறவங்க, ஸ்கூல் விட்டு நடந்து வர்ற பசங்க, இவங்க மூக்குக்கு நேரா போற பஸ்லேர்ந்து பொகை வரலன்னா அது அவங்களுக்கு தான் லாபம், பஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்கு கூட அப்பறம் தான்.

இப்போ டிக்கெட்டுக்கு வரேன், ஏன்னா எவ்ளோ நல்ல வண்டியா இருந்தாலும் ஏற காசு இல்லன்னா என்ன பிரயோஜனம். 2021 மே மாசம் ஆட்சி மாறினதும் போட்ட மொத கையெழுத்துங்கள்ல ஒண்ணு, வெள்ளை போர்டு போட்ட சாதாரண கட்டண டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்கு ஃப்ரீ. அப்பறம் திருநங்கைங்களுக்கும் மாற்றுத்திறனாளிங்களுக்கும் அவங்க கூட வர்றவங்க ஒருத்தருக்கும் சேத்து குடுத்தாங்க. விடியல் பயணம்னு பேர் வெச்சாங்க. முன்னாடியும் பின்னாடியும் பிங்க் பெயின்ட் அடிச்ச வண்டிங்க 2022 ஆகஸ்ட்லேர்ந்து ஓடுது, தூரத்துலேர்ந்தே தெரியணும்னு. மாநில திட்டக்குழு பண்ண ஆய்வுல ஒரு பொண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபா மிச்சமாகுதுன்னு வந்துச்சு. 888 ரூபா சில பேருக்கு ஒரு வேள ஓட்டல் பில்லு. வீட்டு வேல செய்யறவங்களுக்கு அது ஒரு சிலிண்டர், இல்ல புள்ளைக்கு ட்யூஷன் ஃபீஸ். அரசாங்கம் இதுக்காக மொத வருஷம் 1,200 கோடி ஒதுக்குச்சு, 2025-26 பட்ஜெட்ல 3,600 கோடி. இவ்ளோ காசான்னு கேக்கறவங்க ஒரு ஃப்ளைஓவர் கட்ட என்ன செலவாகுதுன்னும் சேத்து கேக்கணும், அந்த ஃப்ளைஓவர்ல யார் போறாங்கன்னும் கேக்கணும்.

ஃப்ரீ டிக்கெட்டுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம்னு என் கூட வேல பாக்கற தம்பி ஒருத்தன் கேட்டான். இருக்குப்பா. டூ வீலர் வாங்கலாம்னு நெனச்ச பொண்ணு பஸ்ல போறா. ஷேர் ஆட்டோல எட்டு பேர் நசுங்கி டீசல் பொகைல போனவங்க பஸ்ல போறாங்க. திட்டம் வர்றதுக்கு முன்னாடி சாதாரண பஸ்ல பொண்ணுங்க பங்கு 40 சதவீதம் போல இருந்துச்சு, அப்பறம் 60 தாண்டிடுச்சு. சாலைல ஒரு ஆளுக்கு எவ்ளோ எடம், எவ்ளோ பொகைன்னு கணக்கு போட்டா பஸ்ல நின்னுக்கிட்டு போறவங்க தான் இந்த ஊருக்கு கம்மியா கெடுதல் பண்றவங்க. அவங்க கிட்ட டிக்கெட் காசு வாங்காம இருக்கறது தர்மமும் இல்ல சலுகையும் இல்ல, ஊர் அவங்களுக்கு பட்ட கடன்.

ஆனா காசு இல்லாம ஏறறவங்கள எப்படி நடத்தறாங்கங்கறதும் சர்வீஸ்ல சேத்தி. ஆரம்பத்துல பொண்ணுங்க கூட்டமா நின்னா ஸ்டாப்ல நிறுத்தாம போறாங்கன்னு ஊர் ஊரா புகார் செய்தில வந்துச்சு. 2021 டிசம்பர்ல கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல்ல மீன் வித்துட்டு வீட்டுக்கு போக ஏறின ஒரு அம்மாவ நாத்தம் அடிக்குதுன்னு எறக்கி விட்டாங்க, அவங்க பஸ் ஸ்டாண்ட்ல நின்னு நியாயம் கேட்ட வீடியோ தமிழ்நாடு முழுக்க சுத்துச்சு, முதலமைச்சர் வரைக்கும் போய் ட்ரைவரும் கண்டக்டரும் சஸ்பெண்ட் ஆனாங்க. எங்க பக்கம் காசிமேட்டுலேர்ந்து அன்னக்கூடைல மீன் எடுத்துக்கிட்டு தெருத்தெருவா விக்கற அம்மாங்க நெறைய பேர். தாழ்தள வண்டில ஒரு அம்மா ஏறினத கிட்டத்துலேர்ந்து பாத்தேன். கூடைய தலைலேர்ந்து எறக்கி, மொதல்ல கூடைய உள்ள தள்ளி வெச்சு, அப்பறம் அவங்க கால் எடுத்து வெச்சாங்க, அவ்ளோ தான், யாரும் தூக்கி விட வேண்டியதில்ல. கண்டக்டர் அண்ணன் கூடைய வீல்சேர் நிறுத்தற எடத்துல வெச்சுக்கோம்மான்னு சொல்லிட்டு டிக்கெட்ட கிழிச்சு குடுத்தாரு. பழைய வண்டில அந்தக் கூடைய படிக்கட்டுல ஏத்தறதுக்குள்ள பின்னாடி இருக்கறவங்க சீக்கிரம் ஏறும்மான்னு கத்துவாங்க. தரைய அரை மீட்டர் எறக்கினதுல அந்தம்மாவுக்கு ஒரு மரியாத கெடைச்சிருக்கு.

அடுத்தது பெரும்பாக்கம். இத பத்தி எழுதாம எம்டிசி ரிவியூ முடியாது.

2025 ஆகஸ்ட்ல ரெண்டாவது எலக்ட்ரிக் டிப்போ பெரும்பாக்கத்துல தொறந்தாங்க, 135 வண்டி, அதுல 55 ஏசி, 80 ஏசி இல்லாதது. பெரும்பாக்கம்னா வெளியூர்க்காரங்களுக்கு ஓஎம்ஆர், அதாவது ஐடி கம்பெனிங்க இருக்கற பழைய மகாபலிபுரம் ரோடு, அதுக்கு பின்னாடி இருக்கற அபார்ட்மென்ட் ஏரியா. எங்களுக்கு அது வேற. கூவம் ஓரம், அடையாறு ஓரம், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம்னு ஊருக்கு நடுவுல ரெண்டு மூணு தலைமொறையா இருந்தவங்கள கொண்டு போய் வெச்ச எடம். மொதல்ல 2000த்துல கண்ணகி நகர், சுனாமிக்கு அப்பறம் செம்மஞ்சேரி, அதுக்கும் அப்பறம் பெரும்பாக்கம். பெரும்பாக்கத்துல மட்டும் எட்டு மாடி பிளாக்குங்கள்ல 20,000 வீட்டுக்கு மேல. 1970ல தொடங்கின குடிசை மாற்று வாரியம் தான் கட்டுச்சு, இப்போ 2021லேர்ந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரு. 2015 வெள்ளத்துக்கு அப்பறம் ஆத்தோரம் இருக்கறது ஆபத்துன்னு சொல்லி நெறைய குடும்பங்கள அங்க அனுப்பினாங்க. அனுப்பின எடமோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தோட ஓரம், தண்ணி வடியற எடம், 2015 வெள்ளத்துல அந்தப் பக்கமும் முழுகித் தான் கெடந்துச்சு. அந்த சதுப்பு நிலத்துக்கு 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு ராம்சார் அந்தஸ்து கெடைச்சுது, சந்தோஷம். ஆனா அதே சதுப்பு நிலத்த தின்னு வளந்த பெரிய பெரிய கட்டடங்களுக்கு ஒரு பேச்சும் கெடையாது, ஆத்தோரம் இருந்த குடிசைக்கு மட்டும் ஆக்கிரமிப்புன்னு பேரு. இதுல எனக்கு இன்னும் ஆறல.

எங்களுக்கு பழக்கமான ஒரு அக்கா, சிந்தாதிரிப்பேட்ட பக்கம் கூவம் ஓரத்துல இருந்தவங்க, இப்போ பெரும்பாக்கத்துல ஆறாவது மாடி. முன்னாடி நடந்து போற தூரத்துல மூணு வீட்ல வேல. அவங்க சொன்னது இது: "வீடு சிமென்ட்டு வீடு தான் கண்ணு, நல்லா தான் கீது. ஆனா வேல அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன். போக வர பஸ்ஸுக்கே ஒரு வீட்டு சம்பளம் போச்சு, ரெண்டு வீட்ட விட்டுட்டேன். ஃப்ரீ விட்டதுக்கு அப்பறம் தான் திரும்ப ஒரு வீட்டுக்கு போறேன். விடிகாலைல கெளம்பினா தான் ஏழரைக்கு போய் சேருவேன், வேற வழி." பஸ் ஃப்ரீ ஆனதால அவங்க காசு திரும்பி வந்துச்சு. நேரம் திரும்பி வரல. ஊர் நடுவுலேர்ந்து 25 கிலோமீட்டர் தள்ளி வெச்சுட்டு டிக்கெட்ட மட்டும் ஃப்ரீயா குடுத்தா பாதி நியாயம் தான் ஆகும், மீதி பாதி எத்தன நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸுங்கறதுல இருக்கு.

அதனால பெரும்பாக்கத்துல எலக்ட்ரிக் டிப்போ வந்தது ரொம்ப சரியான விஷயம்னு தான் நான் சொல்வேன், பொகை விடற டிப்போவ வீட்டு வாசல்ல வெக்கறதுக்கும் இதுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு. என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. அந்த 55 ஏசி வண்டி காசு குடுத்து போறவங்களுக்கு, ஐடி கம்பெனி ஏர்போர்ட்னு ஓடும், ஓடட்டும், அவங்களும் கார விட்டு பஸ்ஸுக்கு வரணும்ல. மீதி 80ல எத்தன வண்டி சாதாரண கட்டணத்துல, விடிகாலைலேர்ந்து, அந்த எட்டு மாடி பிளாக் வாசல்லேர்ந்து கெளம்பும்? டிப்போ அங்க இருக்கறதால மட்டும் பஸ் அவங்களுக்குன்னு ஆகிடாது. வண்டி எந்த டிப்போல தூங்குதுங்கறத விட காலைல மொதல்ல யார் வாசல்ல போய் நிக்குதுங்கறது தான் பெருசு.

இங்க எண்ணிக்கைய பத்தி கொஞ்சம் சொல்லணும். எம்டிசி கிட்ட இருக்கறது 3,000த்து சொச்சம் வண்டி. பெரிய நகரத்துல லட்சம் பேருக்கு 60 பஸ் இருந்தா நல்ல சர்வீஸ்னு மத்திய நகர்ப்புற அமைச்சகமே அளவுகோல் வெச்சிருக்கு. சென்னை பெருநகரத்துல 2011 சென்சஸ் படியே 85 லட்சத்துக்கு மேல ஜனம், அந்த பழைய கணக்குக்கே 5,000க்கு மேல வண்டி வேணும். இப்போ எவ்ளோ ஜனம்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. எலக்ட்ரிக் திட்டத்துல மொத கட்டமா 625 வண்டி வருது, வியாசர்பாடி, பெரும்பாக்கம் தவிர பூந்தமல்லி, தண்டையார்பேட்டை, சென்ட்ரல்னு டிப்போ. உலக வங்கி உதவியோட வர்ற திட்டம். வரட்டும், ஆனா பழச கழிச்சுட்டு அந்த எடத்துக்கு புதுச விட்டா எண்ணிக்கை அதே தான் இருக்கும். ஸ்டாப்ல நிக்கறவங்களுக்கு வண்டி கரண்ட்ல ஓடுதாங்கறதுக்கு முன்னாடி வண்டி வருதாங்கறது தான் கேள்வி.

இன்னொண்ணு, இந்த எலக்ட்ரிக் வண்டிங்க எம்டிசிக்கு சொந்தம் இல்ல. தனியார் கம்பெனி வண்டியும் ட்ரைவரும் குடுக்கும், கண்டக்டர் எம்டிசி ஆளு, டிக்கெட் காசு எம்டிசிக்கு, ஓடற கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு கம்பெனிக்கு போகும். இதுல ஒரு நல்லது இருக்கு, ஏறறவங்க காசு குடுத்தாலும் குடுக்கலன்னாலும் கம்பெனிக்கு வர்றது மாறாது, அதனால ஃப்ரீ டிக்கெட் கூட்டத்த பாத்து முகம் சுளிக்க காரணம் இல்ல. ஆனா தொழிற்சங்கங்க இத எதிர்க்கறாங்க, அவங்க பயம் எனக்கு நியாயமா தான் படுது. எம்டிசிக்கு பல்லவன்னு பேர் இருந்த காலத்துலேர்ந்து, அதாவது 1972லேர்ந்து, கஷ்டப்பட்ட குடும்பத்து பசங்களுக்கு கௌரவமான அரசு வேலைன்னா ட்ரைவர் கண்டக்டர் வேல அதுல ஒண்ணு. அந்த சீட்ல இப்போ காண்ட்ராக்ட் ட்ரைவர் உக்காந்திருக்காரு. அவருக்கும் பி.எஃப், லீவு, ஓவர்டைம் எல்லாம் ஒழுங்கா போய் சேரணும். காத்து சுத்தமாகறதுக்கு ஒருத்தர் சம்பளம் கொறையணும்னா அது எனக்கு வேணாம்.

இப்போ ஸ்டாப்பு. கொறைச்ச மார்க்குல முக்காவாசி இங்க தான் போச்சு. 40 சென்டிமீட்டர் தரை, சாய்வுப் பலகை எல்லாம் வேல செய்யணும்னா வண்டி பிளாட்பாரத்த ஒட்டி வந்து நிக்கணும். எங்க நிக்க முடியுது? ஸ்டாப்புக்கு முன்னாடி ஆட்டோ, பின்னாடி பைக்கு, நடுவுல யாரோட காரோ. ட்ரைவர் பாவம் ரோட்டு நடுவுலயே நிறுத்தறாரு, ஜனம் பிளாட்பாரத்துலேர்ந்து ரோட்ல எறங்கி, மறுபடி வண்டில ஏறணும். அப்போ தாழ்தளம் போட்டு என்ன புண்ணியம். சில எடத்துல பிளாட்பாரமே முழங்கால் உசரம், வீல்சேர் அதுல ஏறவே முடியாது. நெழல் கெடையாது. மே மாசம் பன்னெண்டு மணிக்கு தகர ஷெட்டு கூட இல்லாத ஸ்டாப்ல நிக்கற கர்ப்பிணிப் பொண்ணுக்கு பஸ்ல வர்ற சுகம் பஸ் வந்ததுக்கு அப்பறம் தான். மரம் இருக்கற எடத்துல பாருங்க, அடையாறு, பெசன்ட் நகர் பக்கமெல்லாம் தெருவே பந்தல் போட்ட மாதிரி இருக்கும், வடக்க வர வர மரம் கொறையும். மரம் வெக்க பட்ஜெட் வரப்போ பஸ் ஸ்டாப்ப சுத்தி வைங்க, அதுவும் மொதல்ல வடசென்னை ஸ்டாப்ப சுத்தி வைங்க. 2014லயே மாநகராட்சி நடக்கறவங்களுக்கும் சைக்கிள்ல போறவங்களுக்கும் தனி கொள்கை போட்டுச்சு, நல்ல கொள்கை, பாண்டி பஜார்ல 2019ல நடைபாதை போட்டதப் பாத்து ஊரே சந்தோஷப்பட்டுச்சு. எங்க பக்கத்து எருக்கஞ்சேரி ஹை ரோட்டுக்கும் அந்த அகல பிளாட்பாரம் எப்போ?

கடைசியா கரண்ட். எலக்ட்ரிக் பஸ்னு கைதட்டறப்போ கரண்ட் எங்கேர்ந்து வருதுன்னு கேக்காம விட்டா எங்க ஜனங்களுக்கு பண்ற துரோகம். அத்திப்பட்டு வடசென்னை அனல் மின் நிலையம் 1990கள்லேர்ந்து எரியுது, மூணாவது கட்டம் 800 மெகாவாட் 2024 மார்ச்ல தொறந்தாங்க, பக்கத்துல வல்லூர் 1,500 மெகாவாட். எரிச்ச சாம்பல தண்ணில கரைச்சு பைப்புல கொண்டு போய் குட்டைல விடுவாங்க, அந்த பைப்பு ஒழுகி கொசஸ்தலை ஆத்துலயும் கழிமுகத்துலயும் படிஞ்ச சாம்பல் இன்னிக்கும் அங்க கெடக்கு. செப்பாக்கம்னு ஒரு கிராமம், சாம்பல் குட்டைய ஒட்டியே இருக்கு, காத்தடிச்சா சோத்துல சாம்பல். காட்டுக்குப்பம், சிவன்படைகுப்பம் மீனவங்க எறா புடிச்ச எடம் மேடாயிடுச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வேற கலந்து வந்து, மீனவங்களே கையால அள்ளி வாளில ஊத்தினாங்க, அந்த மாசமே அமோனியா கசிவு. அண்ணா நகர்ல பொகை இல்லாம ஓடற பஸ்ஸுக்கு பேட்டரி ஏத்தற கரண்ட்டு இங்க எரியற நிலக்கரிலேர்ந்தும் தான் வருதுன்னா பொகைய ஒழிச்சோம்னு சொல்ல முடியாது, பஸ் பின்னாடிலேர்ந்து எடுத்து எண்ணூர் சிம்னில வெச்சிருக்கோம்னு தான் அர்த்தம். அதுக்காக டீசலுக்கே திரும்பணும்னு சொல்ல வரல, டீசல் பொகை தெருல மூக்குக்கு நேரா வருது, அது போனது நல்லது தான். காத்தாலைல தமிழ்நாடு நாட்டுலயே முன்னணில இருக்கு, சோலாரும் வளந்துக்கிட்டு வருது. எலக்ட்ரிக் டிப்போவுக்குன்னு அந்த கரண்ட்ட ஒதுக்கி ஒப்பந்தம் போடட்டும், டிப்போ கூரை முழுக்க பேனல் போடட்டும், பழைய நிலக்கரி யூனிட்டுங்கள ஒவ்வொண்ணா மூடட்டும். 1970ல வந்த பழைய எண்ணூர் அனல் மின் நிலையத்த 2017ல மூடினப்போ ஊர் ஒண்ணும் இருட்டாகல.

ஊர்ல எந்த எடத்துல என்ன வரலாம்னு முடிவு பண்ற சிஎம்டிஏ (சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மூணாவது மாஸ்டர் பிளான் ரெடி பண்ணிக்கிட்டு இருக்கு, 2026லேர்ந்து 2046 வரைக்கும். மொத பிளான் 1976ல, ரெண்டாவது 2008ல, ரெண்டு பிளானோட மேப்புலயும் எங்க பக்கம் ஃபேக்டரிக்குன்னு அடிக்கற கலர்லயே போயிடுச்சு. இதுல நான் எழுதி அனுப்பப் போறது இது தான்: வேல இருக்கற எடத்துலேர்ந்து பத்து கிலோமீட்டருக்கு மேல யாரையும் தூக்கிப் போடாதீங்க, ஊர் நடுவுல இருக்கற அரசு நெலத்துல ஏழைங்களுக்கு வீடு கட்டுங்க, எந்த குடியிருப்ப தொறந்தாலும் சாவி குடுக்கற அன்னிக்கே பஸ்ஸும் ஓடணும், மணலி எண்ணூர்ல இனிமே ஒரு சிம்னி கூட வேணாம். நீங்களும் உங்க ஏரியாவுக்கு என்ன வேணும்னு எழுதுங்க, பஸ்ல போறவங்க எழுதலன்னா கார்ல போறவங்க மட்டும் தான் எழுதுவாங்க.

ஏறப் போறவங்களுக்கு சில விஷயம். போர்ட பாத்து ஏறுங்க, சாதாரண கட்டண வண்டில தான் பொண்ணுங்களுக்கு ஃப்ரீ, ஏசி வண்டில டிக்கெட் எடுக்கணும். ஃப்ரீயா இருந்தாலும் அந்த டிக்கெட்ட கேட்டு வாங்கிக்கோங்க, உங்க பயணம் கணக்குல வந்தா தான் அந்த ரூட்டுக்கு எத்தன பேர் வர்றாங்கன்னு தெரியும், அத வெச்சு தான் அரசாங்கம் எம்டிசிக்கு பணம் குடுக்குது. 2025 செப்டம்பர்ல வந்த சென்னை ஒன் ஆப்ல பஸ், மெட்ரோ, லோக்கல் ட்ரெயின் மூணுக்கும் சேத்து ஒரே டிக்கெட் எடுக்கலாம். வீல்சேர்ல வர்றவங்க கூட போறவங்க வண்டி வர்றப்பவே கைய நீட்டி ட்ரைவருக்கு காட்டிடுங்க, ஒட்டி நிறுத்த அவருக்கு நேரம் கெடைக்கும், ஸ்டாப்ல பைக் நிறுத்தியிருக்கறவங்கள தள்ளி எடுக்க சொல்லி நிக்கற எல்லாரும் சேந்து கேளுங்க, ஒருத்தர் கேட்டா எடுக்க மாட்டாங்க.